17 வயது கபடிப் பையனுக்கு இடுப்பு மூட்டு ஆபரேஷன்: இப்போதே செய்யலாமா, பொறுக்கலாமா?

புதுவயல் அப்பா:
மகன் கபடியில் வலது கார்னர். எட்டு மாதமாகக் கவட்டையில் வலி. போன வாரம் படைப்பு வீட்டில் ஆத்தங்குடிக் கல் தரையில் சம்மணம் போட்டுச் சாப்பிட உட்கார்ந்தவன், ரசம் வருவதற்குள் வலது காலை நீட்டிவிட்டான். எங்கே வலிக்கிறது என்றால் பெருவிரலையும் ஆள்காட்டி விரலையும் விரித்து இடுப்பைக் கவ்விக் காட்டுகிறான். எக்ஸ்ரேயில் தொடை எலும்பின் பந்தை ஒட்டி ஒரு புடைப்பு, ‘கேம்’ வகையாம். எம்ஆர்ஐயில் லேப்ரம், அதாவது அந்தப் பந்து உட்காரும் கிண்ணத்தின் விளிம்பைச் சுற்றியிருக்கும் குருத்தெலும்பு வளையம், லேசாகக் கிழிந்திருக்கிறது. இந்த மாதமே ஆர்த்ரோஸ்கோப்பி (சின்னத் துளை வழியாகக் கேமரா விட்டுச் செய்யும் ஆபரேஷன்) செய்துவிடலாம் என்கிறார் டாக்டர். செய்யலாமா?

காரைக்குடி பிசியோ:
அண்ணே, இப்போதே தேதி வாங்காதீர்கள். அந்தப் புடைப்பு மட்டும் நோய் இல்லை. எலும்பு வளரும் வயதில் கடுமையாக விளையாடுகிற பிள்ளைகள் பலருக்கு அது உண்டாகிறது. வலியே இல்லாமல் ஆடுகிறவர்களும் நிறைய. வலி, கையால் சோதிக்கும்போது தெரியும் அறிகுறி, படம் மூன்றும் சேர்ந்தால்தான் நோய் என்று 2016இல் இங்கிலாந்தின் வார்விக்கில் கூடிய நிபுணர்கள் முடிவு செய்தார்கள். உங்கள் பையனுக்கு வலி இருக்கிறது, சரி. முதலில் 12 வாரம் முறையான பயிற்சி கொடுங்கள். பிட்டத் தசையும் வயிற்றுத் தசையும் வலுப்பட வேண்டும். தினமும் எத்தனை பஸ்கி எடுக்கிறான்?

புதுவயல் அப்பா:
கோச் 200 எடுக்கச் சொல்கிறார். முழுசாக உட்கார்ந்து எழ வேண்டும்.

காரைக்குடி பிசியோ:
இன்றே நிறுத்துங்கள். தொடை வயிற்றில் படுகிற அளவுக்கு மடங்கும்போது புடைப்பு கிண்ணத்தின் விளிம்பில் போய் இடிக்கிறது. தினமும் 200 முறை இடித்தால் லேப்ரம் எப்படித் தாங்கும்?

தேவகோட்டை பழைய ரெய்டர்:
தம்பி, எனக்கும் இதையேதான் சொன்னார்கள். இரண்டு வருஷம் பயிற்சி, வலி மாத்திரை, மறுபடி மைதானம். 26 வயதில் கேமரா விட்டுப் பார்த்தபோது குருத்தெலும்பு உரிந்து கிடந்தது. பயிற்சி தசையைத்தான் மாற்றும், எலும்பைக் கரைக்காது. இந்த இடிதான் பின்னாளில் மூட்டுத் தேய்மானத்துக்கு வழி என்று சுவிட்சர்லாந்தின் கான்ஸ் குழு 2003லேயே எழுதிவிட்டது. பிரிட்டனில் ஆபரேஷனையும் பயிற்சியையும் ஒப்பிட்டு 348 பேரை வைத்துச் செய்த ஆய்விலும் (2018) ஆபரேஷன்தானே முன்னால் நின்றது?

காரைக்குடி பிசியோ:
நின்றது, மறுக்கவில்லை. இடுப்பு எப்படி இருக்கிறது என்று நோயாளிகளே போடும் மதிப்பெண்ணில் 100க்கு 6.8 புள்ளி முன்னால். ஆனால் பயிற்சி செய்தவர்களும் தேறினார்கள். அதில் இருந்தவர்களின் சராசரி வயது 35. பள்ளிக்கூடப் பையன்கள் இல்லை. ஆபரேஷன் செய்தால் தேய்மானம் வராது என்பதும் இன்னும் நிரூபணம் ஆகவில்லை. உங்களுக்கு நடந்தது கொடுமை அண்ணே. ஆனால் மாத்திரை போட்டுக்கொண்டு இரண்டு வருஷம் ஆடியதை யாரும் சிகிச்சை என்று சொல்ல மாட்டார்கள்.

தேவகோட்டை பழைய ரெய்டர்:
கணக்கைப் பாருங்கள். பயிற்சிக்கு மூன்று மாதம். அது பலிக்காவிட்டால் ஆபரேஷன், சில வாரம் ஊன்றுகோல், ஆட்டத்துக்குத் திரும்ப ஆறு மாதம்கூட ஆகும். 17 வயதுப் பையனுக்கு ஒரு சீசனே போய்விடும். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் கல்லூரி சேர நினைக்கிறவனுக்கு அது சின்ன விஷயமா?

பள்ளத்தூர் நர்ஸ்:
குறுக்கே வருகிறேன். முதலில் இதைக் கேளுங்கள்: தொடை எலும்பின் வளர்ச்சித் தட்டு, அதாவது எலும்பு வளர்கிற குருத்தெலும்புப் பகுதி, மூடிவிட்டதா? அது திறந்திருக்கும்போது அந்த இடத்தில் எலும்பைச் செதுக்குவது ரொம்ப யோசித்துச் செய்ய வேண்டிய வேலை. இந்த வயதில் பந்து அந்தத் தட்டிலிருந்து நழுவுவதும் உண்டு. அதிலும் இதே இடத்தில் வலிக்கும், சில பையன்கள் முழங்கால் வலி என்றுகூடச் சொல்வார்கள். அது இல்லை என்று உறுதி செய்தார்களா? ஆபரேஷனில் காலை இழுத்து வைப்பதால் கவட்டையிலும் தொடையிலும் கொஞ்ச நாள் மரத்துப்போவதும் உண்டு. அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

புதுவயல் அப்பா:
ரிப்போர்ட்டை மறுபடி படித்தேன். வளர்ச்சித் தட்டு பற்றி ஒரு வரிகூட இல்லை. வியாழக்கிழமை மதுரையில் வேறொரு டாக்டரிடம் காட்டப் போகிறோம். பஸ்கி வேண்டாம் என்று கோச்சிடம் சொல்லிவிட்டேன், அவருக்குக் கோபம்தான்.

தேவகோட்டை பழைய ரெய்டர்:
போய்ப் பாருங்கள். தட்டு மூடியிருந்தால் நான் சொன்னதில் மாற்றம் இல்லை. பயிற்சிதான் என்று முடிவானாலும் 12 வாரம் கழித்துப் பார்க்கப் போகும் தேதியை அங்கேயே எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள். எனக்கு அப்படி யாரும் தேதி தரவில்லை.