பழைய மாஸி 35: வெளுத்துப்போன கியர் ஆயிலின் மேல் புது ஆயில் ஊற்றலாமா?

மருதநிலத்தான்: எங்களிடம் உள்ள மாஸி ஃபெர்குசன் 35 டிராக்டர், என் தகப்பனார் 1980களில் பழைய வண்டியாக வாங்கியது. குறுவைக்குப் பத்து நாள் கேஜ் வீல் (சேற்றுழவுக்கான இரும்புக் கூண்டுச் சக்கரம்) மாட்டிச் சேறடித்து முடித்தபின் கியர் ஆயில் குச்சியை உருவிப் பார்த்தேன். ஆயில் கீழ்க்கோட்டுக்கும் ஒரு விரற்கடை இறங்கியிருந்ததோடு, பால் கலந்த தேநீரைப் போல வெளுத்தும் இருந்தது. கலப்பையைத் தூக்கும்போது லிஃப்ட் விட்டுவிட்டு ஏறுகிறது. குறைந்த அளவுக்கு 90 நம்பர் ஆயில் (தடித்த கியர் ஆயில்) ஊற்றி ஓட்டினால் போதும் என்கிறார் எங்கள் ஊர் மெக்கானிக். அவ்வாறு செய்யலாமா?

கொங்கு ஓட்டுநர்: தாராளமாகச் செய்யலாம். இந்த வண்டிகளுக்கு நான் முப்பது ஆண்டுகளாக 90 நம்பர்தான் ஊற்றி வருகிறேன். தேய்ந்த சீல்களின் வழியே மெல்லிய ஆயில் கசிவதைப் போல இது கசிவதில்லை. பல் தேய்ந்த கியர்களின் இரைச்சலும் அடங்குகிறது. 90 என்ற எண்ணைப் பார்த்து அஞ்ச வேண்டியதில்லை. கியர் ஆயிலுக்கும் என்ஜின் ஆயிலுக்கும் அளவுகோல் வேறு என்பதால், என்ஜின் ஆயிலில் 40, 50 என்பவற்றின் தடிப்புதான் இதற்கும். டிராக்டருக்கென்று தனியாக விற்கும் யுடிடிஓ ஆயில், பிரேக்கும் ஆயிலில் மூழ்கியிருக்கும் புது வண்டிகளுக்கு அவசியம். மாஸி 35-இல் இருப்பதோ உலர்ந்த டிரம் பிரேக்.

பட்டறைக்காரன்: பிரேக் பற்றி ஐயா சொல்வது சரி. ஆனால் ஹைட்ராலிக் பம்பை அவர் கணக்கில் எடுக்கவில்லை. இந்த வண்டியில் கியர்ப்பெட்டி, டிஃபரன்ஷியல் (பின்சக்கரங்களுக்கு விசையைப் பகிரும் பல்சக்கரத் தொகுதி), லிஃப்ட் மூன்றுக்கும் சேர்த்து ஏறத்தாழ 30 லிட்டர் கொள்ளும் ஒரே தொட்டிதான். பிஸ்டன் பம்ப் அந்த ஆயிலுக்குள்ளேயே மூழ்கி நின்று அதையே உறிஞ்சுகிறது. மார்கழிக் காலையில் தடித்த ஆயிலை உறிஞ்சத் திணறும் பம்ப் எழுப்பும் சத்தத்தைக் கேட்டவர்கள் 90 நம்பரைப் பரிந்துரைக்கத் தயங்குவார்கள். இன்னொன்று, கடையில் 90 என்று கேட்டால் ஜிஎல்-5 வகை டப்பாவும் கிடைக்கும். அதிலுள்ள கந்தக வகைச் சேர்மானம் வெண்கல புஷ்களையும் வாஷர்களையும் நாளடைவில் அரிக்கக்கூடும்.

தம்பியின் வண்டியில் முதற்கேள்வி எந்த ஆயில் என்பதே அன்று. வெளுப்பு என்றால் தண்ணீர். தண்ணீர் கலந்த ஆயிலின் மேல் எதை ஊற்றினாலும் அதுவும் வீண். ஐயமிருந்தால், குச்சியில் ஒட்டியதைப் பழைய கரண்டியில் வடித்து அடுப்பில் காட்டுங்கள். தண்ணீர் இருந்தால் கடுகு தாளித்ததைப் போலச் சடசடக்கும்.

கொங்கு ஓட்டுநர்: அந்தச் சேர்மானம் குறைந்த ஜிஎல்-4 வகையைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதை ஏற்கிறேன். ஆனால் நடவு நேரத்தில் 30 லிட்டரையும் கொட்டச் சொல்வது சிறு விவசாயிக்குப் பெருஞ்செலவு. இரவு முழுதும் வண்டியை நிறுத்தி வைத்து, விடியற்காலையில் அடிப்பக்க போல்ட்டைச் சற்றே தளர்த்தினால் கீழே தங்கிய தண்ணீர் முதலில் வந்துவிடும். ஆயில் வரத் தொடங்கியதும் இறுக்கிவிட்டு, அறுவடை வரை ஓட்டலாம்.

பட்டறைக்காரன்: பிரிந்து தங்கிய தண்ணீருக்கு அந்த வழி பொருந்தும். பால்போலக் கலந்துவிட்டது ஓரிரவில் பிரியாது. அறுவடை வரை அதே ஆயிலில் ஓடினால், பம்புக்கும் பேரிங்குகளுக்கும் ஆகும் செலவு ஆயிலின் விலையைப் போலப் பலமடங்காகும். வேலை முடித்து வந்த சூட்டோடு, ஆயில் வடிக்கும் அடிப்பக்க போல்ட்டுகள் எல்லாவற்றையும் கழற்றி வடியவிடுங்கள். ஒன்றை மட்டும் கழற்றினால் மற்ற அறையில் பழசு தங்கிவிடும். பலரும் டீசல் ஊற்றி அலசுகிறார்கள். மூலைகளில் தங்கும் டீசல் புது ஆயிலை நீர்க்கச் செய்வதால் நான் அதைச் செய்வதில்லை. விலை குறைந்த ஆயிலிலேயே அலசுகிறேன்.

மருதநிலத்தான்: கரண்டியில் காட்டினேன், நன்றாகவே சடசடத்தது. எனவே முழுவதையும் வடித்துவிட்டேன். கியர் தடியின் அடியிலுள்ள ரப்பர் உறை கிழிந்து, ஒரு விரல் நுழையும் அளவுக்கு வாய் பிளந்திருக்கிறது. வண்டி கொட்டகையின்றி மழையில் நின்றது இப்போதுதான் உறைக்கிறது. 90 நம்பரை விட்டு யுடிடிஓ ஊற்றப்போகிறேன். அளவை எப்படிப் பார்ப்பது?

பட்டறைக்காரன்: உறையை மாற்றிவிட்டு ஊற்றுங்கள். அச்சு சீல்களையும் பாருங்கள். சேற்றுழவில் அவ்வழியாகவும் தண்ணீர் ஏறும். சமதளத்தில் நிறுத்தி, மேல்கோடு வரை நிரப்பி, என்ஜினை ஓட்டுங்கள். பம்ப் சுழலப் பிடிஓ (என்ஜின் விசையைப் பின்கருவிகளுக்குத் தரும் தண்டு) லீவரைப் போட வேண்டிய வண்டியானால் அதையும் போடுங்கள். லிஃப்டைப் பலமுறை ஏற்றி இறக்கி, கடைசியில் முழுதும் இறக்கிவிட்டு அணையுங்கள். தூக்கிய நிலையில் பார்த்தால் சிலிண்டரில் உள்ள ஆயில் கணக்கில் வராது. கால் மணி நேரம் கழித்துக் குச்சியைத் துடைத்துப் பாருங்கள்.

கொங்கு ஓட்டுநர்: டிப்பர் டிரெய்லர் இழுப்பதாக இருந்தால் கோட்டுக்கு மேல் இரண்டு லிட்டர் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். டிரெய்லரின் சிலிண்டரும் இதே தொட்டியிலிருந்துதான் ஆயிலை எடுத்துக்கொள்கிறது.

பட்டறைக்காரன்: இதில் ஐயாவோடு நான் உடன்பட மாட்டேன். கோட்டுக்கு மேல் நிற்கும் ஆயில், தேய்ந்த சீலைத் தாண்டிப் பின்சக்கர டிரம்முக்குள் இறங்கினால் பிரேக் பிடிக்காது. அதுவும் பாரம் ஏற்றிய டிரெய்லரோடு. சிலிண்டரை முதன்முறை மாட்டி அதில் ஆயில் நிறைந்தபின், டிப்பரை இறக்கி வைத்து அளவைப் பார்த்து, குறைந்ததை மட்டும் ஊற்றினால் போதும்.

கொங்கு ஓட்டுநர்: சீல் நன்றாக இருக்கும் வண்டியில் கூடுதல் ஆயிலால் தொல்லை வந்து நான் கண்டதில்லை. தம்பியின் வண்டியில் சீலின் நிலை தெரியாததால், கோட்டோடு நிறுத்திக்கொள்ளட்டும்.