ஐஈஎல்டிஎஸ் ரீடிங்: தலைப்பு பொருத்தும் கேள்வியை எப்போது செய்வது?

வணக்கம் நண்பர்களே. ஐஈஎல்டிஎஸ் என்னும் ஆங்கிலத் திறன் தேர்வின் அகாடமிக் ரீடிங்கில் (வாசிப்புத் தேர்வு) 3 பகுதி, 40 கேள்வி, 60 நிமிஷம். ட்ரூ (சரி), ஃபால்ஸ் (தவறு), நாட் கிவன் (பகுதியில் சொல்லப்படவில்லை) கேள்விகளுக்கு ஒரு வழி கைகொடுக்கிறது. அவற்றின் விடைகள் பகுதியில் வரிசையாகத்தான் வரும். 4ஆம், 6ஆம் கேள்விகளுக்கு உரிய வரிகள் கிடைத்துவிட்டால், 5ஐ அந்த இடைவெளியில் தேடினால் போதும்.

"பாலம் 1932இல் திறக்கப்பட்டது" என்று பகுதியில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கேள்வியில் "1930க்கு முன்பே திறந்தார்கள்" என்றால் ஃபால்ஸ், ஏனென்றால் பகுதியே அதை மறுக்கிறது. "எதிர்பார்த்ததைவிட அதிகம் செலவானது" என்று கேட்டு, செலவைப் பற்றிப் பகுதியில் பேச்சே இல்லையென்றால் நாட் கிவன். பெரிய பாலம், செலவு கூடித்தான் இருக்கும் என்று நாமாக நினைத்து ட்ரூ போடுவதில்தான் மதிப்பெண் போகிறது.

இடறுவது தலைப்பு பொருத்தும் கேள்வியில், அதாவது ஒவ்வொரு பத்திக்கும் ஏற்ற தலைப்பைப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுப்பதில். பத்திகளைவிடத் தலைப்புகள் அதிகம். பத்தியில் வரும் ஒரு சொல்லை அப்படியே வைத்திருக்கும் தலைப்பு பெரும்பாலும் பொறி. ஒன்று தவறினால் இன்னொன்றும் சேர்ந்து தவறுகிறது.

இதை முதலில் முடிப்பீர்களா, கடைசியிலா? முழுப் பத்தியும் படிப்பீர்களா, முதல் கடைசி வரி மட்டுமா? ஒவ்வொரு விடைக்கும் காரணம் விளக்கும் பயிற்சித் தொகுப்பு இருந்தாலும் சொல்லுங்கள்.