17 வயதுப் பெண் குதிரையை இன்னொரு முறை சினைக்கு விடலாமா?

என் குதிரைக்கு 17 வயது. கடைசியாக 11 வயதில் குட்டி ஈன்றாள். இந்தப் பருவத்தில் இரண்டு முறை ஆண் குதிரையோடு சேர்த்தும் சினை நிற்கவில்லை. முதல் முறை, 14-ஆம் நாள் ஸ்கேனில் கருப்பைக்குள் நீர் தேங்கியிருந்தது. அதனால் அடுத்த முறை, சேர்த்த மறுநாளே கருப்பையைக் கழுவி ஆக்ஸிடோசின் (கருப்பையைச் சுருங்க வைத்து நீரை வெளியேற்றும் மருந்து) ஊசியும் போட்டோம். பலனில்லை. கிருமித்தொற்று எதுவும் இல்லை. கருப்பைத் திசுப் பரிசோதனையில் 2பி நிலை (நான்கு நிலைகளில் மூன்றாவது; கருப்பைத் திசு நன்றாகவே பழுதானது) என்று வந்திருக்கிறது. அதாவது, குட்டி கிடைக்க 10 முதல் 50 சதவீத வாய்ப்புதான்.

பல்லும் குளம்பும் நன்றாகவே இருக்கின்றன. முதுகுதான் சற்று இறங்கிவிட்டது. காலையில் என் தோளில் மூக்கை வைத்து நிற்பவளை 11 மாதச் சுமைக்கு விட மனம் பதறுகிறது. அவள் வழியில் ஒரு பெண் குட்டி வேண்டும் என்ற ஆசையும் விடவில்லை.

மூன்றாம் முறை முயலலாமா, இத்தோடு நிறுத்திவிடலாமா?