கார் ஆயில் கலந்த பிறகு கிளட்ச் வழுக்குகிறது

நண்பர்களே, மூன்று வாரங்களாக என் பைக்கின் கிளட்ச் வழுக்குகிறது. ஏற்றத்தில், நான்காவது கியரில் ஆக்சிலேட்டரைத் திருகினால் எஞ்சின் சத்தம் மட்டும் எகிறுகிறது. வேகம் 50-ஐத் தாண்ட மறுக்கிறது.

வண்டி 150 சிசி, ஒற்றை சிலிண்டர், 2018 மாடல், 41,000 கி.மீ. ஓடியது. கிளட்ச் தட்டுகள் எஞ்சின் ஆயிலிலேயே நனைந்திருக்கும் வகை. எப்போதும் 10டபிள்யூ-30 (ஆயிலின் தடிமன் அளவு), ஜாசோ எம்ஏ2 (இத்தகைய கிளட்ச் உள்ள பைக்குகளுக்கான தரம்) மினரல் ஆயில்தான் ஊற்றுவேன். நெடும்பயணத்தின் நடுவே ஆயில் கீழ்க்கோட்டுக்கும் கீழே இறங்கிவிட்டது. கையில் இருந்தது காருக்கான 5டபிள்யூ-30 சிந்தெடிக் மட்டுமே. 300 மி.லி. ஊற்றினேன். ‘30’ ஒத்துப்போகிறதே என்று பார்த்தேனே தவிர, டப்பாவின் பின்புறம் இருந்த ‘ரிசோர்ஸ் கன்சர்விங்’ (எரிபொருள் மிச்சமாக உராய்வைக் குறைக்கும் ஆயில்) முத்திரையைக் கவனிக்கவில்லை. மினரலும் சிந்தெடிக்கும் கலந்ததைவிட, அதிலுள்ள உராய்வு குறைப்பான்தான் காரணம் என்று நினைக்கிறேன். 400 கி.மீ. கடந்ததும் வழுக்கல் தொடங்கியது.

கிளட்ச் கேபிளைச் சரிசெய்தேன். லீவர் நுனியில் போதிய தளர்வு இருக்கிறது. பிறகு எஞ்சின் சூடாக இருக்கும்போதே ஆயிலை முழுவதும் வடித்து, ஃபில்டரை மாற்றி, வழக்கமான எம்ஏ2 ஆயிலையே புதிதாக நிரப்பினேன். வடித்ததை விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்த்தேன், உலோகத்தூள் தட்டுப்படவில்லை. அதன் பின் 250 கி.மீ. ஓட்டியாயிற்று. காலையில் நன்றாக இழுக்கிறது. அரை மணி நேரத்தில் சூடேறியதும் பழைய கதைதான். தினமும் வேலைக்குப் போக இந்த வண்டியைத்தான் நம்பியிருக்கிறேன்.

இன்னொரு முறை ஆயில் மாற்றினால் தட்டுகளில் ஊறியது வெளியேறிவிடுமா, இல்லை உராய்வுத் தட்டுகளையே மாற்ற வேண்டுமா?