'முற்பயனுரிமை' என்பது சரியா? ரியோ கிராண்டே அத்தியாயத்துக்கு ஒரு சொல் வேண்டும்

அன்புள்ள குழும நண்பர்களுக்கு வணக்கம்.

எல்லை ஆறுகளின் நீர்ப்பூசல் வரலாறு குறித்த பாடநூல் ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். அமெரிக்காவுக்கும் மெக்சிகோவுக்கும் எல்லையாக ஓடும் ரியோ கிராண்டே பற்றிய அத்தியாயத்தை வெள்ளிக்கிழமைக்குள் ஒப்படைத்தாக வேண்டும். அதில் பக்கத்துக்குப் பக்கம் வரும் 'பிரையர் அப்ராப்ரியேஷன்' என்ற சொல்லிடம் வந்து நிற்கிறேன். கரையில் நிலம் இருப்பதால் கிடைக்கும் உரிமையைக் 'கரையுரிமை' என்று எழுதிவிட்டேன், இது வேறு. யாருக்குக் கரையில் நிலம் இருக்கிறது என்று பாராமல், நீரை முதலில் திருப்பிப் பயிருக்கோ வேறு தொழிலுக்கோ பயன்படுத்தியவருக்கு முதல் உரிமை, அவருக்குப் பின் வந்தவருக்கு அடுத்த உரிமை என்று வரிசைப்படுத்தும் சட்டமுறை இது. நீரைப் பயன்படுத்தாமல் விட்டுவிட்டால் உரிமையையும் இழக்க நேரிடும். 'முன்னுரிமை' என்ற சொல் எல்லாவற்றுக்கும் பொதுவாகிவிட்டது. ஆகவே 'முற்பயனுரிமை' என்று எழுதி வைத்திருக்கிறேன். நிறைகுறை சொல்லுங்கள்.

மறுமொழி 1

ஐயா, 'முற்பயன்' என்றதும் எனக்கு முற்பிறவிப் பயன்தான் நினைவுக்கு வந்தது. மாணவருக்கும் அப்படியே தோன்றும். பாசனப் பிரிவில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், நம் உழவர்களிடமும் வருவாய்த்துறைக் கணக்கிலும் இதற்கு நெருங்கிய சொல் 'மாமூல்'. வழிவழியாகப் பாய்ந்துவரும் பாசனத்தை மாமூல் பாசனம் என்றால் கடைமடையில் இருப்பவருக்கும் புரியும். காவிரி தொடர்பான 1892 ஒப்பந்தமும் சென்னை மாகாணம் ஏற்கெனவே பெற்று நடப்பில் வைத்திருந்த வழக்குரிமையைக் காப்பதற்காகத்தானே மைசூர் அரசு முன் இசைவு பெற வேண்டும் என்றது? 'மாமூல் நீருரிமை' என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மறுமொழி 2

மாமூல் அரபுச் சொல் என்பதற்காக மட்டும் நான் மறுக்கவில்லை. இன்று அச்சொல்லுக்குக் கையூட்டு என்பதே முதற்பொருளாகிவிட்டது. பாடநூலில் அதை வைத்தால் வகுப்பில் சிரிப்புத்தான் எழும். தவிர, வழக்கத்தால் வரும் உரிமையும் முந்தியதால் வரும் உரிமையும் ஒன்றல்ல.

'கொள்' என்ற வேரிலிருந்து தொடங்கலாம் என்பது என் கருத்து. கொள்முதல், கொள்கலன், கொள்ளளவு, கொள்ளை ஆகிய எல்லாம் அதிலிருந்து பிறந்தவை. 'முற்கொள்ளுரிமை' என்றால், முற்காலம், முற்பகல் என்பவற்றைப் போலப் புணர்ச்சியும் பொருந்துகிறது. முன்பணம், முன்கோபம் திரியவில்லையே என்று கேட்பீர்கள்; வழக்கில் இரண்டும் உண்டு. நீரைத் திருப்புவதற்கும் நம்மிடம் பழஞ்சொற்கள் இருக்கின்றன. ஊருக்குப் பாயும் வாய்க்காலை அயலார் 'குறங்கறுக்க'வும் 'விலங்கடைக்க'வும் கூடாது என்று சோழர் செப்பேடுகள் விலக்குகின்றன. குறங்கு என்றால் தொடை. தாய்வாய்க்காலிலிருந்து தொடைபோலப் பிரியும் கிளைக்கும் அதுவே பெயர். விலங்கடைத்தல் என்பது குறுக்கே அடைத்தல். இத்தகைய சொற்களை வைத்துக்கொண்டு நாம் ஏன் இரவல் வாங்க வேண்டும்?

மறுமொழி 3

இருவருக்கும் நன்றி. செப்பேட்டுச் சொற்களைப் பார்த்ததும், அத்தியாயத்தில் என்னை உண்மையில் உறுத்துவது சொல்லின் முற்பாதியன்று, 'உரிமை' என்ற பிற்பாதியே என்று தெளிந்தேன்.

மெக்சிகோ கரையில் இன்று ஹுவாரெஸ் எனப்படும் ஊரின் உழவர்கள் 17ஆம் நூற்றாண்டிலிருந்தே தாய்வாய்க்கால் வழியே இந்த ஆற்று நீரைப் பாய்ச்சி வந்தவர்கள். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மேலே அமெரிக்காவின் கொலராடோவிலும் நியூ மெக்சிகோவிலும் குடியேறியவர்கள் வாய்க்கால் வெட்டி நீரைத் திருப்பியதும் கீழே ஆறு வறண்டது. முந்தியவருக்கே முதல் உரிமை என்ற விதியை ஆறு முழுவதற்கும் பொருத்தியிருந்தால் ஹுவாரெஸ்தான் வரிசையில் முன்னே நின்றிருக்கும். ஆனால் 1895இல் அமெரிக்க அட்டர்னி ஜெனரல் ஜட்சன் ஹார்மன், தன் நிலத்துக்குள் ஓடும் நீரில் ஒரு நாட்டுக்கு முழு இறைமை உண்டு என்றும், கீழுள்ள நாட்டுக்கு நீர்விடும் கடமையைப் பன்னாட்டுச் சட்டம் விதிக்கவில்லை என்றும் கருத்துரைத்தார். கொலராடோ உழவர்களுக்குள் செல்லுபடியான விதி எல்லைக் கோட்டில் நின்றுவிட்டது.

1906 உடன்படிக்கைப்படி ஆண்டுதோறும் 60,000 ஏக்கர்-அடி (ஓர் ஏக்கர் பரப்பில் ஓரடி ஆழத்துக்கு நிற்கும் நீர் ஓர் ஏக்கர்-அடி), அதாவது ஏறத்தாழ 2.6 டி.எம்.சி. நீர், மெக்சிகோவுக்குக் கிடைத்தது. அதே உடன்படிக்கை, இந்த நீரைத் தருவதால் மெக்சிகோவின் கோரிக்கையை ஏற்றுக்கொண்டதாகப் பொருள்கொள்ளக் கூடாது என்றும் எழுதி வைத்தது. நீர் கொடுக்கப்பட்டது, உரிமை ஏற்கப்படவில்லை. நான் அந்த இடத்தில் பழக்கத்தால் 'மெக்சிகோவின் நீருரிமை' என்று எழுதியிருந்தேன். அத்தொடர் அந்த உழவர்களுக்கு மறுக்கப்பட்டதைக் கொடுத்ததாகக் காட்டிவிடும். அதை அடித்து 'நீர்க்கோரிக்கை' என்று திருத்தியிருக்கிறேன். அவர்கள் பக்கம் நியாயம் இருந்தது என்று நான் நம்புவதாலேயே இதில் கறாராக இருக்கிறேன்.

கீழாற்றில் மெக்சிகோவின் துணையாறுகளிலிருந்து அமெரிக்காவுக்கு ஆண்டுச் சராசரியாக 3.5 லட்சம் ஏக்கர்-அடிக்குக் குறையாத நீர் என்று ஐந்தாண்டுச் சுற்றாகக் கணக்கிடும் 1944 உடன்படிக்கைப் பகுதியில் இந்தச் சிக்கல் இல்லை. அங்கே குறைந்துபோன நீருக்கு 'நிலுவை' என்ற சொல்லே போதும். 2020இல் மெக்சிகோவின் சிவாவா மாநில உழவர்கள் லா பொக்கியா அணையைக் கைப்பற்றிப் போராடியதும் அந்த நிலுவையை அடைக்க நீர் திறப்பதை எதிர்த்துத்தான்.

முற்பிறவி மயக்கம் பற்றிய எச்சரிக்கையை ஏற்று 'முந்துபயனுரிமை' என்று மாற்றலாமா? 'முற்கொள்' நல்ல ஆக்கம்தான். ஆனால் கொண்டால் மட்டும் போதாது, பயன்படுத்தவும் வேண்டும் என்ற நிபந்தனை அதில் வரவில்லை.

மறுமொழி 4

'முந்துபயனுரிமை' வினைத்தொகையாக நிற்கிறது, ஏற்கலாம். மாமூலை விட்டுக்கொடுக்கிறேன்.

மறுமொழி 5

எனக்கு உடன்பாடில்லை. எதை முந்திய பயன் என்ற கேள்விக்கு அச்சொல்லில் விடையில்லை. வெள்ளிக்கிழமை நெருங்குவதால் அதையே அனுப்புங்கள். அடிக்குறிப்பில் 'முற்கொள்ளுரிமை'யையும் சேர்த்துவிடுங்கள்.