பொறியியல் மென்பொருளுக்கான மடிக்கணினி: சூட்டோடு பழகிய அனுபவங்கள்

பம்பு வடிவமைப்பாளர், கோயம்புத்தூர்

இறுதியாண்டுத் திட்டத்துக்காக 2022இல் நான் வாங்கிய மடிக்கணினியைப் பற்றி எழுதுகிறேன். அதில் நான் செய்த தவறை இன்னொரு மாணவர் செய்துவிடக் கூடாது என்ற அக்கறையில்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

இன்டெல் கோர் ஐ7 என்ற பெயரையும் 10 கோர்கள் (கணக்குப் போடும் பிரிவுகள்) என்ற எண்ணையும் நம்பி, 1.3 கிலோ எடையுள்ள மெல்லிய கணினி ஒன்றை அப்பாவிடம் கேட்டு வாங்கினேன். அதன் செயலியின் (பிராசஸர்) முழுப் பெயர் 1255யு. கடைசியில் நிற்கும் அந்த ஓரெழுத்தை நானும் கவனிக்கவில்லை, கடைக்காரரும் எடுத்துச் சொல்லவில்லை. மையவிலக்குப் பம்பின் இம்பெல்லருக்குள் (சுழலும் சக்கரம்) நீர் எப்படி ஓடுகிறது என்பதை ஆன்சிஸ் ஃப்ளூயன்ட் என்ற மென்பொருளில் கணக்கிடுவதுதான் என் திட்டம். நீர் ஓடும் இடத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்த மெஷ்ஷில் ஏறத்தாழ 4 லட்சம் செல்கள் இருந்தன. கணக்கை ஓடவிட்ட முதல் அரை நிமிடம் எல்லாம் விரைவாக நடக்கும். பிறகு விசிறி இரையத் தொடங்கும், வெப்பநிலை 97 டிகிரியைத் தொடும், செயலியின் வேகம் பாதியாக இறங்கி அங்கேயே நின்றுவிடும். ஒரு முறை ஓடி முடிய ஒன்பது மணி நேரம் ஆனது. விடுதியில் பக்கத்து அறைத் தோழி வைத்திருந்தது ஐ5 12500எச் செயலி கொண்ட, தடித்த, 2.3 கிலோ கணினி. விலையும் என்னுடையதைவிடக் குறைவு. அதே கோப்பை அதில் ஓட்டினோம். நான்கு மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டது. அன்று இரவு நான் உண்மையிலேயே அழுதேன், ஏனென்றால் அந்தப் பணம் அப்பா சீட்டு எடுத்துக் கொடுத்தது.

காரணத்தைப் பிறகுதான் தேடிப் படித்தேன். 1255யு செயலிக்கு இன்டெல் குறித்துள்ள அடிப்படை மின்திறன் 15 வாட், உச்சம் 55 வாட். 12500எச் செயலிக்கு அடிப்படை 45 வாட், உச்சம் 95 வாட். உச்ச அளவு என்பது சில பத்து நொடிகளுக்கு மட்டுமே கிடைக்கும் சலுகை. அதற்குப் பிறகு செயலி எவ்வளவு மின்சாரத்தைத் தொடர்ந்து எடுத்துக்கொள்ளலாம் என்பதை, உள்ளே இருக்கும் செப்புக் குழாய்களும் விசிறியும் எவ்வளவு வெப்பத்தை வெளியே தள்ள முடியும் என்று பார்த்துத் தயாரிப்பாளர்தான் வரையறுக்கிறார். இணைய உலாவலும் அறிக்கை தட்டச்சும் அந்தச் சில பத்து நொடிகளுக்குள் முடிந்துவிடும் வேலைகள் என்பதால், அவற்றில் இரண்டு கணினிகளும் ஒன்றுபோலவே தோன்றும். மணிக்கணக்கில் ஓடும் கணக்கில்தான் வேறுபாடு வெளிப்படும். ஆகவே பெட்டியில் ஐ5, ஐ7, ஐ9 என்று அச்சிட்டிருப்பதைவிட, எண்ணுக்குப் பின் வரும் யு, எச், எச்எக்ஸ் என்ற எழுத்தை முதலில் பாருங்கள். ஏஎம்டியின் ரைசன் செயலிகளிலும் யு என்பது சிக்கனத்துக்கானது. எச்எஸ், எச்எக்ஸ் என்பவை கடின வேலைக்கானவை.

கட்டமைப்புப் பொறியாளர், மதுரை

சகோதரி எழுதியது முழுவதும் உண்மை. நான் அதனுடன் நம் ஊர் வெயிலையும் சேர்த்துக் கணக்கிட விரும்புகிறேன், ஏனென்றால் பெரும்பாலான மதிப்புரைகள் குளிரூட்டிய அறையில் வைத்துச் சோதித்தவை.

என் கட்டுமானத் தள அலுவலகத்துக்குத் தகரக் கூரை. கத்திரி வெயிலில் பகல் ஒரு மணிக்கு உள்ளே 40 டிகிரிக்குக் குறையாது. ஒரு கருவியால் வெளியே தள்ள முடிந்த வெப்பம், செயலிக்கும் சுற்றுக் காற்றுக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டை ஒட்டியே அமையும். 25 டிகிரி அறையில் செயலி 95 டிகிரியில் நின்றால் இடைவெளி 70 டிகிரி. அந்த நிலையில் 70 வாட்டை வெளியேற்றும் கணினி, 40 டிகிரி அறையில் 55 டிகிரி இடைவெளியே கிடைப்பதால் ஏறத்தாழ 55 வாட்டைத்தான் வெளியேற்றும். மீதி 15 வாட்டுக்கு ஈடாகச் செயலி தன் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. பெரும்பாலான இன்டெல் மடிக்கணினிச் செயலிகளுக்கு 100 டிகிரிதான் எல்லை. அதைத் தாண்டித் தன்னைக் கெடுத்துக்கொள்வதற்கு முன் அது தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். எனவே சூட்டினால் கணினி வெடித்துவிடும் என்று அஞ்ச வேண்டாம். ஆனால் குளிர்ந்த அறையில் மதிப்பிட்டவர் பெற்ற வேகத்தைத் தகரக் கூரையின் கீழ் எதிர்பார்க்கவும் வேண்டாம்.

முதல் மடிக்கணினியில் நான் செய்த பிழை வேறு வகையானது. மேசை விரிப்பாக ஒரு தடித்த ரெக்சின் துணியைப் போட்டு அதன்மேல் கணினியை வைத்திருந்தேன். பெரும்பாலான மடிக்கணினிகள் அடிப்பக்கத்துத் துளைகள் வழியாகத்தான் காற்றை உள்ளே இழுக்கின்றன. அவற்றின் கீழே துணி மெல்ல உப்பி எழுந்து வழியை அடைத்திருக்கிறது. ஈடேப்ஸ் என்ற கட்டமைப்பு மென்பொருளில் எட்டு மாடிக் கட்டடம் ஒன்றைப் பகுப்பாய்வுக்கு அனுப்பும் ஒவ்வொரு முறையும் விசிறி அலறியதற்கு அதுதான் காரணம் என்று கண்டுபிடிக்க எனக்கு ஏழு மாதங்கள் ஆயின. துணியை எடுத்துவிட்டு, பின்பக்கத்து இரண்டு மூலைகளிலும் இரண்டு விரற்கடை உயரத்துக்குத் தேக்கு மரத் துண்டுகளை வைத்தேன். ஆறு டிகிரி குறைந்தது. காசு கொடுத்து வாங்கிய கூலிங் பேட் (விசிறி வைத்த அடித்தாங்கி) அதற்குமேல் இரண்டு டிகிரியைத்தான் குறைத்தது.

இன்னொன்றையும் கட்டடத் துறை மாணவர்களுக்காகச் சொல்கிறேன். ஆட்டோகேட் வரைபட வேலையும், ரெவிட்டில் மாதிரி அமைக்கும் பெரும்பாலான செயல்களும் ஒரு கோரின் வேகத்தையே நம்பியிருக்கின்றன. அங்கே 24 கோர்கள் இருந்தும் பயன் குறைவு. அதற்குச் செலவிடும் பணத்தை 32 ஜிபி ரேமுக்கும், கண்ணைக் களைப்பாக்காத ஒரு வெளித்திரைக்கும் செலவிடுங்கள். மாதிரியை ஒளிப்படம்போல் உருவாக்கும் ரெண்டரிங் செய்பவர்களுக்கு இந்த அறிவுரை பொருந்தாது.

பஞ்சாலைப் பராமரிப்புப் பொறியாளர், இராஜபாளையம்

எங்கள் ஊரில் சூட்டைவிடப் பஞ்சுதான் கணினிக்குப் பகை. உதிரிப் பாகங்களை வரைவதற்காக ஆலைக்குள்ளேயே வைத்திருந்த கணினி எட்டே மாதங்களில் திணறத் தொடங்கியது. அடித்தட்டைத் திறந்து பார்த்தபோது, விசிறிக்கும் அதை அடுத்து வெப்பத்தை வெளியேற்றும் மெல்லிய தகட்டு வரிசைக்கும் நடுவே பஞ்சு இழைகள் கம்பளித் துண்டுபோலப் படிந்திருந்தன. விசிறியின் இறக்கைகள் தூய்மையாக இருந்ததால், வெளியிலிருந்து டார்ச் அடித்துப் பார்த்தபோது எதுவும் தெரியவில்லை. இடுக்கியால் அந்த அடுக்கை அப்படியே உரித்து எடுத்தேன். 14 டிகிரி குறைந்தது.

ஆகவே வாங்கும்போதே, அடித்தட்டுச் சாதாரணத் திருகாணிகளால் பொருத்தப்பட்டிருக்கிறதா, அதைத் திறந்தால் உத்தரவாதம் போய்விடுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். காற்று ஊதிச் சுத்தம் செய்யும்போது கணினியை அணைத்து, விசிறி சுழலாதபடி விரலால் பிடித்துக்கொள்வது அவசியம். இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை, செயலியின் வெப்பத்தைக் கடத்துவதற்காக அதன்மேல் பூசும் தெர்மல் பேஸ்ட்டை மாற்றலாம். திரவ உலோகப் பேஸ்ட்டைப் பழக்கமில்லாதவர்கள் தொடவே வேண்டாம். அதில் உள்ள காலியம் அலுமினியத்தை அரித்துவிடும், மின்சுற்றில் ஒரு துளி சிந்தினாலும் தாய்ப்பலகை போய்விடும்.

கருவி வடிவமைப்பாளர், ஓசூர்

வாகன உதிரிப் பாகங்களுக்கான அச்சுகளைச் சாலிட்வொர்க்ஸில் வரைவது என் தொழில். திரையில் காட்சியை உருவாக்கும் கிராபிக்ஸ் கார்டு பற்றி இதுவரை யாரும் எழுதாததால் அதை நான் எடுத்துக்கொள்கிறேன்.

என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4060 என்ற ஒரே பெயரில் விற்கும் மடிக்கணினிக் கார்டு, 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எந்த அளவிலும் பொருத்தப்பட்டிருக்கலாம். மெல்லிய உடலில் 60 வாட்டோடு கட்டுப்படுத்தப்பட்ட 4060, தடித்த உடலில் முழு வாட்டுடன் ஓடும் 4050ஐவிட எப்போதும் மேலானது என்று யாரும் உறுதி கூற முடியாது. தயாரிப்பாளரின் தளத்தில் விவரக்குறிப்புப் பட்டியலின் அடியில் கார்டின் அதிகபட்ச மின்திறன் சிறிய எழுத்தில் இருக்கும். இல்லையென்றால் என்விடியா கண்ட்ரோல் பேனலில் கணினித் தகவல் பகுதியைத் திறந்து பார்க்கலாம். பல கணினிகளில் செயலியும் கார்டும் ஒரே வெப்பக் குழாய்களைப் பகிர்ந்துகொள்வதால், இரண்டையும் ஒன்றாக வேலை வாங்கும் சோதனையின் முடிவையே நம்ப வேண்டும்.

சாலிட்வொர்க்ஸ் அதிகாரபூர்வமாகச் சான்றளிப்பது தொழில்முறை வேலைக்கான பணிநிலைய (வொர்க்ஸ்டேஷன்) கார்டுகளுக்குத்தான். விளையாட்டுக்கான ஜிஃபோர்ஸ் கார்டுகளுக்கு அன்று. ரியல்வியூ போன்ற காட்சி வசதி அவற்றில் முறையாகக் கிடைப்பதில்லை. எனினும் சில நூறு பாகங்களைச் சேர்த்து அமைக்கும் அசெம்பிளி வரை ஜிஃபோர்ஸில் நான் இடர்ப்பட்டதில்லை. பெரிய அசெம்பிளிகள் வந்தபோது, சென்னை ரிச்சி தெருவில் பழைய டெல் பிரிசிஷன் பணிநிலைய மடிக்கணினி ஒன்றை வாங்கினேன். 2.8 கிலோ. தோள் வலிக்கத்தான் செய்கிறது, ஆனால் இரண்டு விசிறிகளும் அகன்ற தகட்டு வரிசைகளும் இருப்பதால், நாள் முழுவதும் ஒரே வேகத்தில் அமைதியாக உழைக்கிறது. எச்பி இசட்புக், லெனோவோ திங்க்பேட் பி வரிசைகளும் இத்தகையவையே. பழையதை வாங்குபவர்கள் கடையிலேயே அரை மணி நேரம் ஓட்டிப் பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது.

சூடான காற்று வெளியேறும் திசையையும் பாருங்கள். என் முந்தைய கணினியில் அது வலப்பக்கத்தில் இருந்தது. நாள் முழுவதும் மவுஸ் பிடிக்கும் கையில் அனல் அடித்துக்கொண்டே இருந்ததால், கோடையில் இடக்கையால் மவுஸ் பிடிக்கப் பழக வேண்டியதாயிற்று. பின்பக்கம் வெளியேறுவதே வரைபவர்களுக்கு நல்லது.

மாணவியின் தந்தை, தஞ்சாவூர்

எல்லோருக்கும் வணக்கம். நான் தொழில்நுட்பம் தெரிந்தவன் அல்லேன். மகள் இயந்திரவியல் முதலாண்டு சேர்ந்திருக்கிறாள். 85,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறோம். கடையில் ஐ7 என்று எழுதிய மெல்லிய கணினியையே காட்டுகிறார்கள். ஆப்பிள் கணினிதான் சூடாகாது என்று உறவினர் ஒருவர் சொல்கிறார். எதைப் பார்த்து வாங்குவது, வாங்கியபின் எப்படிச் சோதிப்பது என்று அன்புகூர்ந்து சொல்லுங்கள்.

பம்பு வடிவமைப்பாளர், கோயம்புத்தூர்

ஐயா, உங்கள் மகளின் இடத்தில் நான் இருந்திருக்கிறேன் என்பதால் மனம் திறந்து சொல்கிறேன்.

ஆப்பிள் கணினி குறைந்த சூட்டில் நன்றாகவே இயங்கும். ஆனால் சாலிட்வொர்க்ஸ், கேட்டியா, ஆன்சிஸ் ஆகியவை மேக் இயங்குதளத்துக்கு வெளியிடப்படுவதில்லை, எம் வரிசைச் செயலி கொண்ட மேக்குகளில் பூட் கேம்ப் வழியாக விண்டோஸ் நிறுவவும் இயலாது. இயந்திரவியல் மாணவிக்கு அது பொருந்தாது. எச் அல்லது எச்எஸ் செயலி, 16 ஜிபி ரேம், 6 ஜிபி நினைவகத்துடன் கிராபிக்ஸ் கார்டு, இரண்டு விசிறிகள் இவை போதும். 16 ஜிபி ரேம் ஒரே பலகையாக இருந்தால், காலியாக உள்ள இரண்டாவது இடத்தில் பின்னர் இன்னொன்றைப் போட்டுக்கொள்ளலாம். ஆன்சிஸ் கணக்குகளுக்கு இரண்டு பலகைகள் சேர்ந்து இயங்குவது மிகவும் உதவும்.

திருப்பிக் கொடுக்கும் கெடுவுக்குள் சோதித்துவிடுங்கள். அதற்கென வந்த அடாப்டரை மின்சாரத்தில் இணைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் பேட்டரியிலோ 65 வாட் டைப்-சி சார்ஜரிலோ இத்தகைய கணினி முழு வேகத்தில் ஓடாது. வாட்டையும் வெப்பநிலையையும் காட்டும் எச்டபிள்யூ இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைத் திறந்து வைத்து, செயலியை முழுதாக வேலை வாங்கும் சினிபெஞ்ச் சோதனையை அரை மணி நேரம் தொடர்ந்து ஓட விடுங்கள். குளிரூட்டியை அணைத்துவிட்டுப் பகலில் செய்வதே சரி. கடைசிப் பத்து நிமிடங்களில் செயலி எத்தனை வாட்டில் நிலைத்து நிற்கிறது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். 45 வாட்டுக்குமேல் நின்றால் நிம்மதியாக வைத்துக்கொள்ளலாம். 25க்குக் கீழே சரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வெப்பநிலை 90ஐத் தொட்டதைப் பார்த்து மட்டும் பயப்படாதீர்கள். வாட் நிலையாக இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

மாணவியின் தந்தை, தஞ்சாவூர்

நீங்கள் சொன்னபடியே எச்எஸ் என்று முடியும் ரைசன் 7 செயலியும் ஆர்டிஎக்ஸ் 4050 கார்டும் கொண்ட, 2.3 கிலோ எடையுள்ள கணினியை வாங்கினோம். ஞாயிற்றுக்கிழமை பகல் இரண்டு மணிக்கு, மொட்டை மாடிக்குக் கீழ் அறையில், மின்விசிறியை மட்டும் போட்டுக்கொண்டு நானும் மகளும் அரை மணி நேரம் சோதித்தோம். கடைசிப் பத்து நிமிடங்கள் 54 வாட்டில் அசையாமல் நின்றது, வெப்பநிலை 88. எண்களை மகள் நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள். சுத்தம் செய்தபின் ஒப்பிட்டுப் பார்க்க அது உதவும் என்றாள்.

ஒரே ஒரு கவலை. விசிறிச் சத்தம் அடுத்த அறை வரை கேட்கிறது. விடுதியில் ஓர் அறையில் மூன்று பேர் இருக்கிறார்கள்.

பம்பு வடிவமைப்பாளர், கோயம்புத்தூர்

மிக்க மகிழ்ச்சி, ஐயா. இரவில் மட்டும் விண்டோஸ் மின்திட்ட அமைப்பில் செயலியின் அதிகபட்ச நிலையை 100லிருந்து 99 விழுக்காடாக மாற்றச் சொல்லுங்கள். டர்போ எனப்படும் கூடுதல் வேகம் நின்றுவிடும், சூடும் இரைச்சலும் வெகுவாகக் குறையும். கணக்கு முடியச் சற்றுக் கூடுதல் நேரம் ஆகும், ஆனால் விடிவதற்குள் முடிந்திருக்கும். அந்த வரி சில கணினிகளில் மறைந்திருக்கும். கிடைக்கவில்லையென்றால் தயாரிப்பாளர் தரும் மென்பொருளில் உள்ள அமைதி நிலையைத் தேர்ந்தெடுத்தாலும் போதும். படுக்கையின்மேல் மட்டும் வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.