மட்டக்களப்புக் கலைக்களஞ்சியம்: சொந்த விக்கியா, தமிழ் விக்கிப்பீடியாவா?

வாவிக்கரை:
மட்டக்களப்பு, அம்பாறை ரெண்டு மாவட்டத்துக்கும் கூத்து, கோயில், குடிமுறை (தாய்வழிக் குல முறை), ஊர் வரலாறு எல்லாம் சேர்த்துத் தனி விக்கி ஒண்டு வேணும். விக்கியை ஓட்டுற மென்பொருள் மீடியாவிக்கி இலவசம். சின்ன சேர்வர் ஒண்டை வாடகைக்கு எடுத்தா ஒரே நாளில நிறுவலாம். உரிமம் ‘வணிகத்துக்குக் கூடாது’ எண்டு போடுவம். தமிழ் விக்கிப்பீடியாவில கூத்துப் பழக்கிற அண்ணாவியார் சொன்ன தாளக்கட்டை (தாளச் சொற்கட்டை) எழுதினா ‘சான்று தேவை’ எண்டு ஒட்டிருவாங்க.

சல்லரி:
நிறுவ ஒரு நாள்தான் அண்ணே. மறுகா? பதிவைத் திறந்து விட்டா சூதாட்ட விளம்பரப் பக்கம் முளைக்கும், பூட்டினா எழுத ஆள் வராது. காப்பு எடுக்கிறதிலயும் ஒரு பொறி இருக்கு. விக்கிப் பக்கங்களைக் கோப்பா இறக்கிற எக்ஸ்எம்எல் ஏற்றுமதியில பக்கமும் திருத்த வரலாறும் மட்டும்தான் வரும். படமும் பயனர் கணக்கும் வராது. தரவுத்தளம், படக் கோப்புறை, அமைப்புக் கோப்பு மூண்டையும் எடுத்து வேற இடத்தில வைக்கணும். விக்கிப்பீடியா 2003இல இருந்து ஓடுது, வாடகை கட்ட மறந்து ஒருநாளும் அழியாது.

சான்று இல்லையெண்டும் சொல்லேலாது. வி.சீ. கந்தையாட ‘மட்டக்களப்புத் தமிழகம்’ 1964இல வந்தது. பக்க இலக்கத்தோட காட்டுங்க, ஆரும் கை வைக்கமாட்டாங்க.

வாவிக்கரை:
ஒரு ஊர்க் கண்ணகி கோயில்ல குளுத்திக்கு (அம்மனைக் குளிர்விக்கிற சடங்குக்கு) எந்தக் குடி எந்த நாள் பூசை எடுக்கும் எண்டது எந்தப் புத்தகத்தில இருக்கு? சோனக (முஸ்லிம்) ஊர்களிலயும் தாய்வழிக் குடி இருக்கு. அதைக் கேட்டுத்தான் எழுதணும்.

படுவான்:
கேட்டா ஒழுங்காப் பதியுங்க. வேவ் கோப்பு, 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிட். மத்தளத்துக்குக் கிட்ட மைக்கை வச்சா பாட்டு அமுங்கிப் போகும், பாடுறவர்ர பக்கம் வையுங்க. பேர், ஊர், திகதி, எந்த உரிமத்துக்குச் சம்மதம் எண்டதை அவர்ர வாயாலயே தொடக்கத்தில சொல்ல வையுங்க.

இன்னொண்டு. ரைப் பண்ணின கூத்துக் கொப்பியெல்லாம் பாமினி எண்ட பழைய எழுத்துருவில கிடக்கு. தளத்தில அப்பிடியே ஒட்டினா ‘ட்’ இருந்த இடத்தில ஆங்கில எல்லும் அரைப்புள்ளியுமா நிக்கும். மாற்றியில போட்டா யூனிகோட் வரும், ஆனா நடுவில உண்மையான ஆங்கிலச் சொல் இருந்தா அதுவும் தமிழாகி உளறும். ஒரு ஆள் வரிவரியாப் பாக்கத்தான் வேணும்.

எழுவான்:
‘யாழ் நூல்’ எண்ட இசை ஆராய்ச்சிப் புத்தகத்தை முழுசா ஏத்தலாமா?

சல்லரி:
அதை எழுதின விபுலாநந்த அடிகள் 1947இல காலமானவர். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, எழுதினவர் காலமான பிறகு பதிப்புரிமை இருக்கிற 70 வருசம் 2017ஓட முடிஞ்சுது, இலங்கையில ஏத்தலாம். விக்கிப்பீடியாவுக்குப் படம், ஒலி சேர்த்து வைக்கிற விக்கிமீடியா பொதுவகத்துக்கெண்டா அமெரிக்கச் சட்டத்தையும் பாக்கணும். கந்தையா புத்தகம் அப்பிடி இல்ல. தகவலை எடுத்துச் சொந்த வசனத்தில எழுதுங்க.

குளுத்தி விசயத்தில அண்ணன் சொல்றது சரி. நாமளே கேட்டுப் பதிஞ்சதை விக்கிப்பீடியா சான்றா எடுக்காது. அதுக்குத் தனி விக்கி இருக்கட்டும். ஆனா ‘வணிகத்துக்குக் கூடாது’ எண்டு போட்டா உங்கட விக்கியில இருந்து ஒரு வரியும் விக்கிப்பீடியாவுக்குப் போகாது, பதிவு பொதுவகத்துக்கும் ஏறாது. விக்கிப்பீடியாவில உள்ளதையும் உங்கட பக்கத்தில ஒட்டேலாது.

வாவிக்கரை:
சேர்வரை விடமாட்டன். உரிமத்தை வேணுமெண்டா விக்கிப்பீடியாவில உள்ள மாதிரி ‘படைப்பாக்கப் பொதுமங்கள், குறிப்பிடுதல், அதே மாதிரிப் பகிர்தல் 4.0’ எண்டு மாத்துவம், பிறகு.

சல்லரி:
பிறகு இல்ல அண்ணே, இப்ப. நூறு பேர் எழுதின பிறகு மாத்தப் போனா நூறு பேரிட்டயும் கேக்கணும்.